கமராவுக்கு ஒரு வார்

கமராவைப் பற்றி எழுதுவோர் பலர். அதன் வில்லையைப் பற்றியும், படச்சுருளைப் பற்றியும், ஒளியின் அளவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவோரும் உளர். ஆனால் அந்தக் கமராவைத் தோளில் தொங்கவிடும் வாரைப் பற்றி எவரேனும் எழுதக் கண்டதுண்டோ? நாமும் கண்டதில்லை. ‘ஒரு முழ நாடாவுக்கு ஒரு கட்டுரையா?’ என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறோம். வார் ஒன்று சரியாக அமையாத காரணத்தால் நமது குடும்பத்தில் ஒரு படம் எடுக்கப்படாமலே போயிற்று. இனி அதனை எவராலும் எடுக்க இயலாது.

நம்மிடம் இருப்பது ‘றொலை 35’ என்னும் சிறு கமரா. சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த நமது அம்மான் 1975ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, “மருமோன், இதைக் கவனமாய் வைச்சிரு” என்று கூறி நம் கையில் தந்தார். இக்கமராவை வடிவமைத்தவர் ஹைன்ஸ் வாஸ்கே என்னும் ஜேர்மானியர். 1966ஆம் ஆண்டில் கொலோன் நகரிலே நடைபெற்ற போட்டோகினாக் கண்காட்சியில் இஃது உலகுக்கு அறிமுகமாயிற்று. 35 மில்லிமீற்றர் படச்சுருளில் முழு அளவுப் படம் எடுக்கும் கமராக்களுள் இத்துணைச் சிறியது அந்நாளில் வேறில்லை. பின்னர், 1970களில், அதன் உற்பத்தி ஜேர்மனியிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டது. அவ்வாறு அங்கே செய்யப்பட்ட ஒன்றுதான் அம்மானின் பெட்டிக்குள் ஏறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது.

அதன் நீளம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர்; உயரம் 6; நிறை 370 கிராம் அளவில் இருக்கும். சிகரெட் பெட்டி போன்ற தோற்றம். ஆனால் கையில் எடுத்தால் இரும்புப் படிக்கல்லைப் போன்ற கனம். படம் எடுக்க வேண்டுமானால் வில்லையை வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறார் என்பதை நாமே மதித்து அந்த எண்ணில் வைக்க வேண்டும். இவை யாவற்றுக்கும் இரு கைகளும் வேண்டும். அப்போது கமராவைத் தாங்கிக்கொள்ள மூன்றாவது கை ஒன்று வேண்டாமோ? அந்த மூன்றாவது கைதான் வார்.

கழுத்தில் மாட்டும் கமராக்களுக்கு இரு பக்கங்களிலும் வாரைக் கோக்க இரு காதுகள் இருக்கும். நமது கமராவுக்கோ ஒரு காது மாத்திரமே உண்டு. மணிக்கட்டில் மாட்டும் சிறு வாருக்கென அமைந்த காது அது. அம்மான் தந்தபோது கமராவுடன் ஒரு தோல்வாரும் இருந்தது. ஆனால் நமது நாட்டு வெக்கையும் ஈரமும் தோலுக்குப் பகை. மாரிகாலம் முழுவதும் அலுமாரியில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்; அதை எடுத்து வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். நாம் இரண்டையும் செய்தோம். ஒரு நாள் பஸ்ஸில் ஏறும்போது வார் அறுந்து, கமரா மிதிபலகையில் மோதித் தெருவில் விழுந்தது. மூலையில் ஒரு நெளிவு உண்டாயிற்று. அம்மான் காலமாகும்வரை அந்த மூலையை அவர் கண்ணில் படாமல் விரலால் மறைத்தே பிடித்து வந்தோம்.

அதன்பின் கடையில் மெல்லிய நைலோன் கயிறு ஒன்றை வாங்கிக் காதிற் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். கமரா விழவில்லை என்பது மெய். ஆனால் அரை மணி நேரத்தில் கழுத்து எரியத் தொடங்கும். பாடசாலையில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ஒரே நிறை சிறிய பரப்பிலே தங்கினால் அமுக்கம் மிகும். பரப்பு நான்கு மடங்கானால் அமுக்கம் நான்கிலொன்றாகக் குறையும். 5 மில்லிமீற்றர் அகலமுள்ள கயிறு கழுத்தை அறுக்கும். அதே கமராவை 20 மில்லிமீற்றர் அகலமுள்ள பட்டி நோகாமல் தாங்கும். இவ்வளவு எளிய கணக்கை நாம் அன்று போட்டுப் பார்க்கவில்லை. ‘கமரா என்றால் கழுத்து நோகும்’ என்று முடிவு கட்டிவிட்டோம். நோகும் பொருளை மனிதன் எத்தனை நாளைக்குச் சுமப்பான்? மாதம் ஒருமுறை வெளியே வந்த கமரா, பின்பு ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரம் வெளியே வரலாயிற்று.

2015ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம். 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர். அங்கே ஆண்கள் மேலாடையின்றியே கோயிலுக்குள் செல்லவேண்டும் என்பதை யாவரும் அறிவர். வெறும் மேனி, வியர்வை, நீறு, அவற்றின்மேல் நைலோன் கயிறு என எண்ணிப் பார்த்தபோதே நமக்குக் கழுத்து எரிந்தது. புறப்படும் வேளையில் நமது இல்லத்தரசி, “இஞ்சாருங்கோ, கமரா எடுக்கேல்லையோ? வீதியிலை நிண்டு தேரை எடுக்கலாமே” என்றார். “வேண்டாம், கழுத்தை அறுக்குது” என்றோம்.

தேர் இருப்புக்கு வந்தபின் பெரியக்கா வீட்டில் மதிய உணவு. வெளியூரிலிருந்து தம்பி வந்திருந்தான்; சின்னக்கா வந்திருந்தார்; நாமும் இருந்தோம். சகோதரர் நால்வரும் ஒரே பாயில் அமர்ந்து உண்டு பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாய் இறந்தபின் நம்மைத் தூக்கி வளர்த்தவர் பெரியக்கா. அவர் கை கழுவிக்கொண்டு வந்து நம்மைப் பார்த்து, “தம்பி, உன்ரை கமரா எங்கை? எல்லாரும் ஒண்டாய் இருக்கிறம். ஒரு படம் எடன்” என்றார். “வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன் அக்கா. அடுத்த முறை எடுப்பம்” என்றோம்.

கைபேசியில் எடுத்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பீர்கள். இளையவர்கள் யாவரும் இன்னும் கோயிலடியிலேயே நின்றனர். வீட்டில் இருந்த முதியவர் எவரிடமும் படமெடுக்கும் கைபேசி அன்று இருக்கவில்லை.

அடுத்த தை மாதத்தில் பெரியக்கா காலமானார். நால்வரும் ஒன்றாக இருக்கும் படம் நம்மிடம் இல்லை. செத்த வீட்டுக்குப் படம் தேடியபோது, அடையாள அட்டையில் இருந்த சிறு படத்தையே பெருப்பித்தார்கள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றிலிருந்து கமராவைக் கையில் எடுக்க நமக்கு மனம் வரவில்லை.

2023ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் உயர்தர வகுப்பில் படிக்கும் நமது பேத்தி அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அதைக் கண்டெடுத்தாள். இக்காலத்துப் பிள்ளைகள் சிலருக்குப் படச்சுருள் கமராவில் மீண்டும் ஆசை பிறந்திருப்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. கயிற்றைக் கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “அப்பப்பா, இதுக்கு நல்ல வார் ஒண்டு போட்டுத் தந்தால் நான் கொண்டு திரிவன்” என்றாள். பெரியக்கா கேட்டதைத்தான் கொடுக்க முடியவில்லை. இவள் கேட்டதையேனும் கொடுப்போம் என்று புறப்பட்டோம்.

முதலில் கடையில் விற்கும் வாரை வாங்கினோம். பெரிய கமராக்களுக்கென நெய்த தடித்த பட்டி அது. இரு முனைகளையும் ஒரே காதில் கட்டித் தொங்கவிட்டபோது, சுண்டெலிக்கு யானைச் சங்கிலி பூட்டியது போல் இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைக்கவும் இயலவில்லை. அடுத்ததாகச் செருப்புத் தைப்பவரிடம் சென்று புதிய தோலில் ஒரு வார் செய்வித்தோம். வேலைப்பாடு நன்று, ஆனால் தோலின் விளிம்பு கூர்மையாக இருந்தது, வியர்வை பட்டதும் அதன் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கிற்று. மூன்றாவதாக, விளையாட்டு ஆசிரியர்கள் விசில் மாட்டும் நாடா. அது பாரமற்றது, மென்மையானது. ஆனால் அதன் இரும்புக் கொளுக்கி நடக்கும்தோறும் கமராவின் உடலில் உரசி, ஒரே கிழமையில் கீறல் விழுத்திவிட்டது. போதாக்குறைக்கு, நீண்ட நாடாவில் கழுத்திலிருந்து தொங்கிய கமரா ஊசலைப் போல் ஆடி, குனியும்போதெல்லாம் மேசையில் மோதிற்று.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இல்லத்தரசி ஒரு நாள், “கமராவுக்கு அளவெடுத்தது போதும். சுமக்கிற பிள்ளையின்ரை தோளுக்கு அளவெடுங்கோ” என்றார். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக நமக்குத் தோன்றாத வார்த்தை அது. அதுவரை நாம் கமரா விழாமல் இருப்பதற்கே வார் தேடினோம். சுமப்பவருக்கு நோகாமல் இருந்தாலன்றோ கமரா வீட்டை விட்டு வெளியே வரும்!

அவரே பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்து 8 சென்ரிமீற்றர் அகலத்திற் கிழித்தார். அதை நான்காக மடித்து 2 சென்ரிமீற்றர்ப் பட்டியாக்கி, நீளப்பாட்டில் நான்கு தையல் ஓட்டினார். பலமுறை தோய்த்த பருத்தி மென்மையானது, வியர்வையை உறிஞ்சும், நைலோனைப் போல் தோளில் வழுக்காது. நீளம் மூன்று முழம். கழுத்தில் நேரே மாட்டாமல், பூணூலைப் போல் குறுக்காக மாட்டினால் கமரா இடுப்பருகே வந்து தங்கும். பாரம் கழுத்தை விட்டுத் தோளுக்கு மாறும். நடக்கும்போது முழங்கை அதை மெல்ல அணைத்துக்கொள்வதால் ஆட்டமும் இல்லை. இரு கைகளும் வெறுமையாகவே இருக்கும்.

கமராவின் சிறு காதுக்குள் பட்டி நுழையாது. ஆகவே குருநகரில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையொன்றில், 2 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பின்னற் கயிறு ஒரு சாண் வாங்கினோம். அதை வளையமாக முடிந்து, காதுக்குள் மடித்து நுழைத்து, அதன் கண்ணிக்குள்ளேயே இழுத்து இறுக்கினோம். பட்டியின் இரு முனைகளையும் அந்த வளையத்தைச் சுற்றி மடித்துத் தைத்தாயிற்று. கமராவைத் தொடும் இடத்தில் இரும்பு என்பதே இல்லை. ஆகவே கீறலும் இல்லை. கமராவைக் கோப்பதற்கு முன், 3 கிலோ அரிசிப் பையை அந்த வாரில் கட்டிக் கதவுக் கொளுக்கியில் ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டுப் பார்த்தோம். கமராவின் நிறையைப்போல் அஃது எட்டு மடங்கு. காலையில் தையலும் முடிச்சும் அசையாமல் இருந்தன. ஆயினும் கயிறு காதில் உராயும் இடத்தை மாதம் ஒருமுறை பார்த்து, பிரி தெரிந்தால் மாற்றிவிடுவது நன்று. பேத்தி நம்மைவிடக் குள்ளம். அவளுக்குப் பட்டியில் ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்குவோம், நம் முறை வரும்போது அவிழ்ப்போம்.

வார் அமைந்தபின் ஒரு படச்சுருள் வாங்கினோம். 36 படங்கள். இன்று அதன் விலையையும் கழுவும் கூலியையும் எண்ணினால், ஒவ்வொன்றையும் யோசித்தே எடுக்க வேண்டும். முதற் படத்துக்குப் பேத்தியை அழைத்துக்கொண்டு கோப்பாயில் இருக்கும் சின்னக்கா வீட்டுக்குச் சென்றோம். அவருக்கு வயது எண்பதை எட்டிவிட்டது. விறாந்தையில் அமர்ந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர், பேத்தியின் இடுப்பில் இருந்த கமராவைக் கண்டு சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “அண்டைக்கு அக்கா கேட்டவ, என்ன?” என்றார். “ஓம்” என்பதைத் தவிர வேறு வார்த்தை நமக்கு வரவில்லை. “சரி, சரி. என்னையெண்டாலும் எடுங்கோ” என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்து சிரித்தார்.

படம் கழுவி வந்தபோது முகம் சற்று மங்கலாக இருந்தது. பேத்தி தூரத்தை ஓரடி பிழையாக மதித்துவிட்டாள். ஆனாற் சிரிப்புத் தெளிவாக விழுந்திருக்கிறது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு கமரா உறங்கக்கூடும். அது பழுதாகிவிட்டதென்று ஒதுக்குமுன், அதைக் கடைசியாக வெளியே கொண்டுபோகாமல் விட்ட நாள் எது, அன்று சொன்ன காரணம் யாது என்று சற்றே நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கழுத்தை அறுத்த ஒரு கயிற்றைப் போன்ற சிறு காரணமாகவே இருக்கும். ஒரு பிற்பகலில் ஊசியும் நூலும் கொண்டு தீர்த்துவிடலாம். நாம் அதைத் தீர்த்துக்கொண்டோம், சற்றுப் பிந்தி. ‘அடுத்த முறை எடுப்போம்’ என்று இப்போது நாம் எவருக்கும் சொல்வதில்லை.