வால்தம்ஸ்டோ கடைத்தெருவும் திறக்காத கடிதங்களும்

புதிதாக வால்தம்ஸ்டோவுக்குக் குடிவரும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "கடைகண்ணி எல்லாம் கிட்டவோ?" என்பதுதான். கிட்டத்தான் இருக்கிறது. விக்டோரியா லைனின் கடைசி ஸ்ரேசனில் இறங்கி வெளியே வந்து, கொஞ்சம் நடந்தால் சந்தை தொடங்கிவிடும். அங்கிருந்து சென் ஜேம்ஸ் ஸ்ரீட் பக்கம் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு அது நீளும். ஐரோப்பாவிலேயே மிக நீளமான தெருச்சந்தை என்று ஊர்க்காரர் பெருமையாகச் சொல்வார்கள்.

நாங்கள் கணவனும் மனைவியும் ஒரே உணவுத் தொழிற்சாலையில் சான்ட்விச் பொதி செய்கிறோம். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் ஒருவருக்கு இரவு வேலை, மற்றவருக்குப் பகல் வேலை. இரவு வேலை முடிந்து வரும்போது சந்தைக்காரர்கள் வான்களில் இருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள். இரும்புச் சட்டங்களைப் பொருத்தி, மேலே படங்கு விரித்து, ஒரு மணித்தியாலத்துக்குள் வெறும் தெருவைக் கடைத்தெரு ஆக்கிவிடுவார்கள். செவ்வாய் முதல் சனி வரை இது நடக்கும். 1885 ஆம் ஆண்டில் இருந்து இப்படித்தானாம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களுக்கு ஆங்கிலம் வாயில் வராது. சந்தையில் மரக்கறிகளைக் கிண்ணங்களில் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு கிண்ணம் ஒரு பவுண். தக்காளிப்பழமோ, வெண்டிக்காயோ, பச்சை மிளகாயோ, விரலைக் காட்டினால் பையில் கொட்டித் தருவார்கள். பேசத் தேவையில்லை. பிள்ளைகளின் முதல் குளிர்ச்சட்டையும் அங்கேதான் வாங்கினோம். இப்போது எல்லாக் கிண்ணமும் ஒரு பவுண் இல்லை. ஆனாலும் சம்பளம் வருவதற்கு முந்திய கிழமையில் எங்களைக் காப்பாற்றுவது இந்தச் சந்தைதான்.

ஒரு தெருவின் ஏற்றமும் இறக்கமும்

ஒரு காலத்தில் இந்த ஹை ஸ்ரீட்டின் பெயர் மார்ஷ் ஸ்ரீட், அதாவது சதுப்புநிலத் தெரு. ஆற்றோரச் சதுப்புக்குப் போகும் வழி. 1870 இல் ரெயில் வந்தது. லண்டனில் வேலை செய்யும் ஏழைத் தொழிலாளர்கள் இங்கே குடியேறினார்கள். அவர்களுக்குச் சாமான் விற்கத்தான் சந்தை உண்டானது. ஆக, இது தொடக்கத்தில் இருந்தே எங்களைப் போன்ற வேலையாட்களின் தெரு. 1909 இல் சந்தைத் தெருவிலேயே பெரிய நூலகம் திறந்தார்கள். அமெரிக்கச் செல்வந்தர் கார்னேகி அதற்குப் பணம் கொடுத்தார். இப்போதும் அங்கே அங்கத்துவ அட்டை இலவசம். புதிதாக வந்தவர்கள் முதல் கிழமையே போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

1968 இல் விக்டோரியா லைன் வந்தது. 1988 இல் சந்தைக்குப் பக்கத்தில் கூரை போட்ட கடைத்தொகுதி ஒன்று வந்தது. ஆனால் நகர மையம் எப்போதும் செழிப்பாக இருக்கவில்லை. சந்தையின் மேல் முனையில் இருந்த பழைய ஆர்க்கேட் கட்டடத்தை இடித்த பிறகு அந்த இடம் பல வருடங்கள் வேலி அடைத்த வெறும் நிலமாகக் கிடந்தது. ஊரின் வாசலிலேயே ஒரு பொக்கை. 2014 இல்தான் அங்கே சினிமாவும் சாப்பாட்டுக் கடைகளும் வீடுகளும் வந்தன. 2019 யூலையில் கடைத்தொகுதியின் கூரையில் பெரும் தீ பிடித்தது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்து மீண்டும் திறந்தது. இப்போது அதன் பக்கத்தில் இரண்டு கோபுரங்கள் எழும்பியிருக்கின்றன. ஒன்று முப்பது மாடிக்கும் மேல். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 500 வாடகை வீடுகள். அதற்காகச் சதுக்கத்தின் மரங்கள் போகும் என்று ஊர்ச்சனம் பதாகை பிடித்து எதிர்த்ததும் உண்டு.

இந்த மாற்றங்களில் நல்லதும் இருக்கிறது, கஷ்டமும் இருக்கிறது. இருட்டில் பயமில்லாமல் நடக்கலாம். இருக்கைகள் வந்திருக்கின்றன. ஆனால் வாடகையும் ஏறியிருக்கிறது. அதைப் பேப்பரில் படிக்கத் தேவையில்லை, எங்கள் சம்பளத்திலேயே தெரிகிறது.

யார் இதையெல்லாம் செய்கிறார்கள்?

இவை எல்லாவற்றையும் 'கவுன்சில்' என்ற ஒருவர் செய்கிறார் என்றுதான் நாங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தோம். அப்படியில்லை. வால்தம் பொரஸ்ட் நகரசபை, லண்டன் மேயர் அலுவலகம், கட்டடக் கம்பனிகள், கடைக்காரர், ஊர்ச் சங்கங்கள் என்று பலர் சேர்ந்துதான் ஒரு நகர மையத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். பணம் ஒரு பக்கம், அனுமதி ஒரு பக்கம், உழைப்பு இன்னொரு பக்கம்.

உதாரணத்துக்கு, 2014 இல் லண்டன் மேயர் மூன்று நகரசபைகளுக்கு வீதிகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஏற்றபடி மாற்றப் பெரும் பணம் கொடுத்தார். அதில் ஒன்று எங்களுடையது. வால்தம்ஸ்டோ வில்லேஜில் உள்ள ஓர்போர்ட் றோட்டில் பகல் வேளையில் கார் ஓடுவதைத் தடுத்தார்கள். வியாபாரம் செத்துப்போகும் என்று 2015 இல் சிலர் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். இன்று அந்தத் தெருவில் சனம் வெளியே கதிரை போட்டு இருந்து தேநீர் குடிக்கிறது. ஆனால் தங்கள் தெருவுக்கு வாகன நெரிசல் தள்ளப்பட்டது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. இரண்டு பக்கத்தாரும் வாய் திறந்தார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பகுதியின் வியாபாரிகள் வாக்களித்துத் தங்களுக்குள் ஒரு வரியை ஏற்படுத்தி, அந்தப் பணத்தைத் துப்புரவு, காவல், விளம்பரம் போன்றவற்றுக்குச் செலவழிக்கலாம். வாக்களித்தவர் தொகையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களின் கடைகளின் வரிமதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். கூடியது ஐந்து வருடம், பிறகு மறுபடியும் வாக்கு. 2005 இல் முதன்முதல் கிங்ஸ்டனில் தொடங்கியது. வாக்கில் வென்றால், வாக்குப் போடாத கடைக்காரரும் வரி கட்டத்தான் வேண்டும். உங்கள் பகுதியில் அப்படி ஒரு வாக்குச்சீட்டு வந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

தியேட்டரின் கதை

ஹோ ஸ்ரீட்டில் ஒரு பழைய தியேட்டர் இருக்கிறது. 1930 இல் கிரனாடா என்ற பெயரில் திறந்தது. உள்ளே ஸ்பெயின் நாட்டு அரண்மனை மாதிரி அலங்காரம். பின்னாளில் இந்திப் படமும் ஓடியது. 2003 இல் மூடினார்கள். ஒரு மதசபை கட்டடத்தை வாங்கி வழிபாட்டிடமாக மாற்ற அனுமதி கேட்டது. ஊர்ச்சனம் விடவில்லை. சினிமா விரும்பிகள் சங்கம் சேர்ந்து, கையொப்பம் வாங்கி, விசாரணைகளில் போய்ப் பேசினார்கள். அனுமதி மறுக்கப்பட்டது. 2019 இல் நகரசபையே கட்டடத்தை வாங்கியது. நாடகக் கம்பனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்தது. 2025 மே மாதம் சோஹோ தியேட்டர் வால்தம்ஸ்டோ என்ற பெயரில், ஆயிரம் பேர் வரை இருக்கக்கூடிய அரங்காகத் திறந்தது.

மூடியதில் இருந்து திறக்கும் வரை 22 வருடங்கள். அத்தனை காலமும் ஆட்கள் மாறி மாறி விடாமல் நின்றார்கள். அவர்கள் பெரிய மனிதர்கள் அல்ல. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், கூட்டத்துக்குப் போனவர்கள், அவ்வளவுதான்.

அண்ணையின் லாச்சி

இனிச் சொல்லப்போவது எங்களுக்கு வெட்கமான விசயம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணை பக்கத் தெரு ஒன்றில் சின்னக் கடை வைத்திருந்தார். அரிசி, மீன்ரின், ரெலிபோன் காட், வெள்ளிக்கிழமைகளில் வாழையிலை. பெட்போர்ட் றோட்டில் இருக்கும் கற்பக விநாயகர் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் அங்கே நின்று கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்கு முதல் வேலையைச் சொல்லித் தந்ததும் அந்தக் கடையில் நின்ற ஒருவர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணை இரண்டு கடிதங்களை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்று அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டும் திட்டம் பற்றியது. மற்றது கட்டடச் சொந்தக்காரரின் வக்கீலிடம் இருந்து வந்தது. நாங்கள் அப்போது வேலையால் வந்த களைப்பில் இருந்தோம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "விடுங்கோ அண்ணை, இப்பிடிக் கடிதம் எல்லாருக்கும் வாறதுதான்" என்று சொன்னோம். அவர் தலையாட்டிக்கொண்டு போய் அவற்றைக் காசு லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

இரண்டிலும் திகதி இருந்தது. இரண்டு திகதியும் போய்விட்டது. பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். கடையை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறது. ஒப்பந்தத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையொப்பம் வைக்காதவராக இருந்தால், புது ஒப்பந்தம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் நோட்டீசில் போட்ட திகதிக்கு முன் போகவேண்டும். அண்ணை போயிருந்தால் கடை தப்பியிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தை நாங்கள்தான் ஒரு வார்த்தையால் மூடிவிட்டோம்.

இப்போது அவர் வேறொருவருடைய கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார். எங்களைக் கண்டால் சிரித்துக் கதைப்பார். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னோம்?

யோசித்துப் பார்த்தோம். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து 1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போனவர்கள். ஒரு நகர மையம் எப்படிச் சாகும் என்று கண்ணால் கண்டிருக்கிறோம். 2008 கடைசியில் சனமெல்லாம் கிழக்கே ஓடியது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சிக்குள் வந்தபோது அங்கே ஆட்களே இல்லை. சந்தை இல்லை, கடை இல்லை. பெரிய தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்தது.

சண்டை முடிந்து திரும்பிப் போனபோது ஏ9 வீதி ஓரமாகப் புது வங்கிகளும் கட்டடங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. எது எங்கே வரவேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை. மேலே இருந்து வருவதை ஏற்றுக்கொண்டு வாழ்வதுதான் பிழைக்கும் வழி என்று பழகிவிட்டோம். உடுப்புப் பையோடு அந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறோம்.

இங்கே கேட்கிறார்கள். கேட்டதையெல்லாம் செய்வார்கள் என்றில்லை. ஆனால் கேட்கிறார்கள், ஒரு திகதியும் போடுகிறார்கள்.

செய்யக்கூடியவை

மின்கம்பத்தில் கட்டியிருக்கும் திட்ட அறிவித்தல்களை நின்று வாசியுங்கள். வழக்கமாக 21 நாட்களுக்குள் கருத்து எழுதலாம். வீடு சொந்தமாக இருக்கத் தேவையில்லை, வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். விசா பற்றி அங்கே கேட்பதில்லை. பெயரும் விலாசமும் எழுதினால் போதும். எழுதியதை மற்றவர்களும் பார்க்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடைக்கு வக்கீல் கடிதம் வந்தால், அன்றைக்கே ஆலோசனை நிலையம் ஒன்றுக்கோ விவரம் தெரிந்த வக்கீலிடமோ கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே பிரித்தானியக் குடியுரிமை இல்லாவிட்டாலும், இங்கே தங்க அனுமதி கிடைத்த வயதுவந்த இலங்கையர் வாக்காளராகப் பதிந்து, நகரசபைத் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வாக்குள்ளவர்களின் தெருவைக் கவுன்சிலர்மார் கொஞ்சம் கவனமாகத்தான் பார்ப்பார்கள்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கதவடியில் சந்தைப் பக்கத்து வேலைகள் பற்றி ஒரு கடிதம் விழுந்தது. பீட்சா விளம்பரங்களுக்குள் இருந்து அதை எடுத்து மூத்த மகளிடம் கொடுத்தோம். அவள் வாசித்துச் சொல்ல, நாலு வரி எழுதினோம். கிண்ணக் கடைகள் இருக்க வேண்டும். வயதானவர்கள் இருக்க வாங்கு வேண்டும். நல்ல கழிப்பறை வேண்டும். சின்னக் கடைக்காரருக்குக் கட்டக்கூடிய வாடகையில் இடம் வேண்டும். இந்த நாலாவது வரியை எழுதும்போது அண்ணையை நினைத்தோம்.

கிடைத்தது என்று ஒரு பதில் வந்திருக்கிறது, ஒரு இலக்கத்தோடு. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறோம். என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அதற்கிடையில் சனிக்கிழமையில் ஒருமுறை வால்தம்ஸ்டோ சந்தைக்கு வாருங்கள். காலையிலேயே வந்தால் மரக்கறி நல்லதாக எடுக்கலாம். பின்னேரம் வந்தால் மலிவாக எடுக்கலாம்.