கல் நட்டவனும் ஆவாரஞ்செடியும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு. ஆனா கவிதை மட்டும் வேண்டாம்டா சாமி, ஏற்கெனவே நாற்பத்திரண்டு வந்திருக்கு" என்று பேரவைச் செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். நல்லவேளை, எனக்குக் கவிதை வராது. சிவில் மாணவன். தெரிந்ததெல்லாம் டேப் பிடிப்பதும் கல் நடுவதும்தான். அப்படி நான் கல் நட்ட கதையையே எழுதிவிடுகிறேன். நடுவில் ஒரு செடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர்ப் பக்கம். இடிச் சத்தத்தைவிட நூல் மில் சங்குச் சத்தத்தை அதிகம் கேட்கிற பூமி. ஊருக்கு மேற்கே ஒரு கரடு. அதன் அடிவாரம் முழுக்க ஆவாரஞ்செடி. யாரும் நட்டதில்லை, யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. கத்திரி வெயிலில் மற்றதெல்லாம் கருகிக் கிடக்கும்போது இது பச்சையாக நிற்கும். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், கரடே மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும்.

2022 ஜூனில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கையோடு, ஒரு சர்வேயருக்கு உதவியாளாகப் போனேன். கரட்டடி நிலம் மனைப் பிரிவாகிறது. அது பட்டா நிலம்தான். விற்றவர் விற்றார், வாங்கியவர் வாங்கினார், அதில் குற்றம் சொல்ல நான் யார்? ஜே.சி.பி. இரண்டே நாளில் மொத்தத்தையும் வழித்தெடுத்தது. பின்னாலேயே நாங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கல் நட்டோம். பன்னிரண்டு நாள் வேலை, நாளுக்கு நானூறு ரூபாய். அந்தப் பணத்தில்தான் இந்தக் கல்லூரியில் முதல் வருடக் கட்டணம் கட்டினேன். மிச்சத்தில் ஒரு சட்டையும் எடுத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

2023 பொங்கல். போகியன்று சாயங்காலம் காப்புக் கட்ட வேண்டும். எங்கள் பக்கம் வேப்பிலை, சிறுபீளை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு முகப்பில் செருகுவோம். அப்பா வேடசந்தூரிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தார். இருபது ரூபாய். பிரித்தால் வேப்பிலைதான் முக்கால்வாசி, வாடிப்போன ஆவாரங்கொத்து ரெண்டே ரெண்டு.

"கரட்டுல இல்லாத ஆவாரையா? காசு குடுத்தா வாங்கியாந்த?" என்றது அப்பத்தா.

"கரடா? அதைத்தான் வழிச்சாச்சே. உன் பேரன்தான அங்க கல்லு நட்டான்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அப்பத்தா என்னைப் பார்த்தது. திட்டவில்லை. "அப்படியா சாமி" என்று மட்டும் கேட்டது. நண்பர்களே, கணக்கில் அரியர் விழுந்த அன்றுகூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது ஒரு விஷயம் தெரியாது. அப்பத்தா சிறு பிள்ளையாக இருந்தபோது அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தச் செடியால்தானாம். அம்மாவும் மகளுமாக விடியற்காலையில் கரட்டுக்குப் போய் ஆவாரங்குச்சியை வெட்டி, பட்டையை உரித்து, காயவைத்து, கட்டுக் கட்டாகத் திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு ஆள் வந்து வாங்கிப் போகுமாம். ஆவாரம்பட்டையில் டானின் சத்து அதிகம். பச்சைத் தோலை அழுகாமல் பதப்படுத்துவது அதுதான். இந்தப் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர் வாங்கியது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, குரோமிய உப்பு வந்தது, நம் ஊர்ப் பட்டைக்கு மதிப்புக் குறைந்துபோனது. "பட்டையை உரிச்ச கையோட சோறு தின்னா துவர்க்கும்டா. ஆனா சோறு இருக்கும்" என்றது அப்பத்தா.

ஒரு செடியாவது வீட்டு மூலையில் வளர்த்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தானாக வளர்கிற செடிதானே, இதில் என்ன பெரிய வித்தை என்ற நினைப்பு. நால்வழிச்சாலை ஓரம் மிச்சம் நின்ற ஒரு புதரில் காய்ந்த காய்களைப் பறித்து வந்தேன். தட்டையாக, காகிதம் மாதிரி மெலிந்த காய். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து விதை.

முதல் முறை அப்படியே விதைத்தேன். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் போட்டபடியே கல்லுக் கல்லாகக் கிடக்கிறது விதை. அதன் தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீரே உள்ளே போகாது. வெந்நீரில் ஊறவைக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டேன். அது சுண்டல் ஆகிவிட்டது. (கொதித்த தண்ணீரை இறக்கிவைத்து, பிறகு விதையைப் போட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது போடக்கூடாது. என்னை மாதிரி அவசரக்காரர்களுக்காக எழுதுகிறேன்.)

மூன்றாவது முறை நம் பட்டறைதான் கைகொடுத்தது. முதல் வருடம் கார்ப்பென்டரியில் தேய்த்த உப்புத்தாள் பாதி மிச்சம் இருந்தது. முளை வரும் முனையை விட்டுவிட்டு, மறுபக்கம் உள்வெள்ளை லேசாகத் தெரியும் வரை ஒவ்வொரு விதையாகத் தேய்த்தேன். ராத்திரி ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் விதை உப்பியிருந்தது! ஒரே வாரத்தில் இருபதுக்குப் பதினாறு முளைத்தது. பிளாஸ்டிக் பை, கரிசல் மண், கைநிறையச் சாணி எரு, காலையும் மாலையும் தண்ணீர் என்று ராஜ உபசாரம் செய்தேன். மூன்றே வாரத்தில் ஒவ்வொன்றாக அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது. பதினாறும் போய்விட்டது.

அதுவரை திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. "அது தண்ணி குடிச்சுச் சாவுற சாதிடா. கரட்டுல யாரு இதுக்கு எருப் போட்டா?"

அடச்சீ என்றிருந்தது. சல்லடைச் சோதனை செய்து ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்குகிறவன் நான். களிமண்ணில் துகள் நுண்ணியது, தண்ணீர் வடியாது, வேருக்குக் காற்றுப் போகாது என்று பரீட்சையில் எழுதத் தெரிகிறது, பைக்குள் மண் போடும்போது மட்டும் மறந்துபோகிறது. வீட்டு மூலையில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மறுநாள் காலை வரை பாதி நின்றது. அந்த இடத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் வீடு கட்டியபோது கொட்டிய சரளை மேட்டில் சோதித்தேன். அரை மணி நேரத்தில் வடிந்துவிட்டது. சரளையோடு செம்மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து அங்கேயே விதைத்தேன். பையில் வளர்க்கவில்லை. ஆவாரை தளிர் விடும் முன்பே ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கிவிடும், பிடுங்கி நட்டால் வேர் அறுந்து சுணங்கும்.

இது நடந்தது 2023 ஐப்பசியில். முதல் மாதம் மழை இல்லாத நாட்களில் மூன்று நாளைக்கு ஒரு சொம்பு. பிறகு வாரத்துக்கு ஒன்று. 2024 கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. அதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன். ஊற்றாமல் இருப்பதுதான், சத்தியமாகச் சொல்கிறேன், ஊற்றுவதைவிடக் கஷ்டம். மத்தியான வெயிலில் இலை தொங்கும்போது கை பரபரக்கும். அப்பத்தா திண்ணையிலிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்னும்.

மூன்று செடி நின்றது. எங்கள் வீட்டு ஆடு இரண்டு வாய் கடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் பச்சைப் புழுக்கள் வந்தன. நாலு நாளில் ஒரு செடி மொட்டை. பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேன். ஒன்றை மட்டும் சும்மா ஒரு டப்பாவில் இலையோடு போட்டு வைத்தேன். இரண்டு வாரத்தில் அது வெளிறிய வெள்ளைப் பட்டாம்பூச்சியாக வெளியே வந்து, எதுவும் நடக்காதது மாதிரி பறந்துபோனது. அதற்கப்புறம் புழு பொறுக்கவில்லை. மொட்டைச் செடியும் மறுபடி துளிர்த்துவிட்டது.

இலையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு இலைக் காம்பின் அடியிலும் சின்னக் காது மாதிரி ஒரு செதில் இருக்கும். சென்னா ஆரிகுலேட்டா என்ற விஞ்ஞானப் பெயரில் 'ஆரிகுலா' என்றால் லத்தீனில் சின்னக் காது. இன்னொரு சங்கதி. இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் துளை போட்ட குழாய்க்குள் அடைந்து கிடக்கும். கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு 'ங்ங்ங்' என்று அதிரும், உடனே மகரந்தம் கொட்டும். நாம் கான்கிரீட்டுக்குப் போடுகிற வைப்ரேட்டர் வேலையேதான். தெலங்கானாக்காரர்கள் இதைத் 'தங்கேடு' என்று மாநிலப் பூவாகவே வைத்திருக்கிறார்கள். நமக்குச் செங்காந்தள். அதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை, ஆனாலும் லேசாகப் பொறாமை.

2024 டிசம்பரில் முதல் மொட்டு. 2025 போகியன்று அப்பத்தா தன் கையால் மூன்று கொத்து ஒடித்துக் காப்புக் கட்டியது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காணும் பொங்கல் முடிந்த மறுநாள், "வண்டிய எடு, கரட்டுக்குப் போவம்" என்றது. கல் நட்ட நாளிலிருந்து நான் அந்தப் பக்கமே போனதில்லை.

போனோம். மனைகள் பாதிக்கு மேல் விற்கவில்லை. நான் நட்ட கற்கள் வரிசையாக நின்றன. மூன்று நான்கு கற்களின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஆவாரை. சிலது பூத்துக் காய்த்தும் இருந்தது. மண்ணுக்குள் எத்தனை வருஷம் கிடந்த விதையோ, ஜே.சி.பி. உரசியதே அதற்கு உப்புத்தாள் ஆகியிருக்க வேண்டும்.

"பிடுங்கிட்டுப் போயி வீட்டுல வைப்பமா அப்பத்தா?"

"வேரு அந்து போவும்னு நீதானடா சொன்ன?" அப்பத்தா குனிந்து ஒரு கல்லைத் தடவிப் பார்த்தது. "நேராத்தான் நட்டிருக்க."

பிறகு முந்தானையை விரித்துக் காய்ந்த காய்களாகப் பார்த்துப் பறிக்க ஆரம்பித்தது. நான் எட்டாத கிளைகளை வளைத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் தார் ரோடு போடப் போகிறார்களாம், பலகை வைத்திருந்தார்கள்.

ஒரு படி விதை இருக்கிறது. வேண்டியவர்கள் சிவில் மூன்றாம் ஆண்டு 'ஏ' பிரிவில் கடைசி பெஞ்சில் வந்து கேளுங்கள். உப்புத்தாள் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.