நெஞ்சு கரிக்கிறதா, அடைக்கிறதா?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டம் பெற நான்கு ஆண்டுகள் ஆங்கிலத்திற் பயில வேண்டும். அந்தக் கல்வியின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், படித்து வெளியேறும் தாதியின் முன்னே வந்து நிற்பவர் யார் என்பதே நம் கேள்வி.

கண்டி நகரத்து வைத்தியசாலைகளை நாடி வருவோரில் தெல்தோட்டையிலும் கலகாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்களும் உளர். அவர்கள் "நெஞ்சு கரிக்குது" என்றால் அது இரைப்பையின் புளிப்பாக இருக்கலாம். "நெஞ்சு அடைக்குது" என்றால் மாரடைப்பாக இருக்கலாம். தமிழறியாத புதிய தாதிக்கு இரண்டும் ஒன்றே. நள்ளிரவில் அவர் யாரிடம் பொருள் கேட்பார்? பக்கத்துக் கட்டில் நோயாளியிடந்தான்!

குற்றம் அந்த இளம் பெண்ணுடையதன்று. 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டத்தில் ஏறிய மொழி கட்டிலருகே வந்து சேரவேண்டாமா?

தோட்டத்து மக்களின் பேச்சும் லயன் வாழ்வும் தாதியர் பாடத்தின் நடுவே இடம்பெற வேண்டும். வேலையின் முதல் மாதங்களில், தமிழறிந்த மூத்த தாதியரின் துணை கிடைக்க வேண்டும். நோயாளி சொல்வதை விளங்கிக்கொள்வதே தாதித் தொழிலின் முதற் பாடம். அதைப் பட்டத்துக்குப் பின் கற்கட்டும் என்று விட்டுவிடுவது, தொழிலாளியின் உயிரைப் பயிற்சிப் பொருளாக்குவதாகும்.