கணையத்தின் கையிருப்பு

நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவை ஜீரணித்தது யார்? 'வயிறு' என்பீர்கள். பாதிதான் சரி. பெரிய வேலையைச் செய்தது, வயிற்றுக்குப் பின்னால் சாதுவாகப் படுத்திருக்கும் கணையம். ஷுகர் வந்தால்தான் நமக்கு அதன் ஞாபகமே வரும். ஆனால் அதன் பெரும் பகுதி இன்சுலின் சுரப்பதில்லை. ஜீரண என்ஸைம்கள்தான் தயாரிக்கிறது.

1875-ல் ருடால்ஃப் ஹைடன்ஹைன் என்கிற ஜெர்மன் பேராசிரியர், நாய்களின் கணையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பட்டினி கிடந்த நாயின் செல்களில், ஒரு பக்கமாகச் சின்னச் சின்னத் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆன நாயிடம் அவை வெகுவாகக் குறைந்திருந்தன. இன்னும் சில மணி நேரம் போனால் மறுபடி ஸ்டாக் வந்துவிடுகிறது. அதாவது வயிறு காலியாக இருக்கும்போது கணையம் ஃபுல். சாப்பிட்டால் உல்டா.

இந்தத் துகள்கள் எங்கிருந்து வருகின்றன? 1960-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லரில் ஜார்ஜ் பலாடியும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப் பன்றியின் கணையத் துண்டுகளுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைச் சில நிமிடம் கொடுத்துவிட்டு, அது செல்லுக்குள் எங்கெல்லாம் போகிறது என்று துப்பறிந்தார்கள். ஓரிடத்தில் தயாரிப்பு, கால்கி என்ற இடத்தில் பேக்கிங், கடைசியில் துகளாகக் குடோனில். எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள். பலாடிக்கு 1974-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

குடோனைத் திறக்க பெல் அடிப்பது யார்? குழம்பு வாசனை வந்ததுமே வேகஸ் நரம்பு லேசாகத் தட்டிவிடும். கொழுப்பும் புரதமும் சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற, வாயில் நுழையாத ஹார்மோன் பலமாக அடிக்கும். செல்லுக்குள் கால்சியம் ஏற, துகள்கள் விளிம்போடு ஒட்டி உடைந்து சரக்கைக் கொட்டுகின்றன.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, கவனித்தீர்களா? மட்டனைக் கரைக்கும் என்ஸைமுக்கு நம் கணையமும் மட்டன்தான்! அதனால்தான் டிரிப்ஸின் போன்றவை பூட்டிய நிலையில் பேக் செய்யப்படுகின்றன. சாவி சிறுகுடலில் இருக்கிறது. அங்கே போய்த்தான் திறக்கும்.

பித்தப்பைக் கல்லோ, மிதமிஞ்சிய குடியோ இந்த ஏற்பாட்டைக் குலைத்தால், பூட்டு உள்ளேயே திறந்துகொள்கிறது. கணையம் தன்னையே ஜீரணிக்கத் தொடங்கும். எதிர் ஃப்ளாட் நண்பருக்கு இதுதான் நடந்தது. மேல் வயிற்றில் வலி, முதுகு வரை பாய்ந்தது. வாந்தி. "கேஸ்தான் சார்" என்று சோடா குடிக்கப் போனவரை, அவர் மனைவி ஆட்டோவில் ஏற்றினார். காரணம், பித்தப்பைக் கல்.

மறுநாளே டாக்டர் கஞ்சி கொடுக்கச் சொன்னதும் அந்த அம்மா பதறிவிட்டார். "கணையத்துக்கு ரெஸ்ட் வேண்டாமா?" முன்பெல்லாம் அப்படித்தான் நாள்கணக்கில் பட்டினி போட்டார்கள். இப்போது, தாக்குதல் லேசாக இருந்து, நோயாளியால் முடிந்தால், சீக்கிரமே சாப்பாடு தருகிறார்கள். பட்டினி கிடக்கும் குடல் பலவீனமாகி, கிருமிகளுக்கு வழி விடுவதுதான் காரணம். இதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் இல்லை.

முதுகுக்குப் பாயும் மேல் வயிற்று வலி வந்தால் மட்டும் 'கேஸ்' என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் படுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி போங்கள். கேஸாகவே இருந்தால் ஆட்டோ சார்ஜ்தான் நஷ்டம்.