தக்கோலத்தில் வீழ்ந்த இளவரசன்

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பேர்பெற்ற காஞ்சி மாநகரின் புறத்தே, வேகவதியாற்றங்கரையில், ஜினகாஞ்சி என்று முன்னோர் போற்றிய திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை 1387-இல் எடுப்பித்தவன் விஜயநகரப் பேரரசின் தண்டநாயகனும் மந்திரியுமான இருகப்பன். போர்த்தொழிலிலே பிழைத்து நின்ற சேனாபதி தன் பெயரைத் தானே கல்லில் நிறுவிச் செல்லலாம். களத்திலே மாண்டவனுடைய பெயரையோ பிறர்தாம் காக்க வேண்டும். அக்கடமையை மாந்தர் எவ்வாறு நிறைவேற்றினர் என்பதை அறிய விரும்புவோர், இங்கிருந்து வடக்கே தக்கோலத்தை நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

949-ஆம் ஆண்டில், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பெரும்படையை அங்கே எதிர்த்து நின்றவன், முதலாம் பராந்தக சோழனின் மைந்தனாகிய இராஜாதித்தன். வடக்கிலிருந்து வரக்கூடிய ஆபத்தை முன்னரே உணர்ந்து, திருமுனைப்பாடி நாட்டிலே திருநாவலூர்ப் பகுதியில் பல்லாண்டுகள் படையுடன் தங்கியிருந்த அவ்விளவரசன், தன் பட்டத்து யானையின்மேல் இருந்தபடியே, கிருஷ்ணனின் மைத்துனனான கங்க மன்னன் பூதுகனால் கொல்லப்பட்டான். தலைவனை இழந்த சோழசேனை நிலைகுலைந்தது. தொண்டை மண்டலம் பகைவர் வசமாயிற்று. கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்டவன்’ என்னும் விருதைப் பூண்டான்.

இம்மரணத்தை வென்றவரும் மறைக்கவில்லை, தோற்றவரும் மறைக்கவில்லை. கன்னட நாட்டு ஆதகூரில் எழுந்து, இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ள நடுகல்லின் சாசனம், பூதுகன் இராஜாதித்தனைக் கொன்றதையும், அதற்குப் பரிசாக வனவாசி முதலிய நாடுகளைப் பெற்றதையும் பறைசாற்றுகிறது. அதே போரில் பராக்கிரமம் காட்டிய மணலேரன் என்னும் வீரன், வேண்டுவன கேள் என்று மன்னன் கூறியபோது, காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்ததன் நினைவாகவே அக்கல் நடப்பட்டது. சோழர் தரப்பிலோ, லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடு, யானைமீதிருந்தவாறே கூரிய அம்புகளால் மார்பு பிளக்கப்பெற்று அவன் வீரசுவர்க்கம் எய்தினான் என்று துதிக்கிறது. ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்பதே பிற்காலத்தார் அவனுக்குச் சூட்டிய விருதாயிற்று.

ஆயினும், கல்லினும் செப்பினும் உறுதியான நினைவுச்சின்னம் ஒன்றை ஒரு மனிதன் தன் வாழ்வினாலே எழுப்பினான். கேரள தேசத்தில் பிறந்து, சகல வித்தைகளும் கற்று, சோழநாட்டுக்கு வந்து இராஜாதித்தனின் ஆப்த நண்பனான வல்லபன் என்பவன், தன் தலைவன் வீழ்ந்த வேளையில் அவனுடன் களத்தில் இருந்து மடியும் பேறு பெறாமல் போனான். பெண்ணையாற்றங்கரைக் கிராமம் என்னும் ஊரில் 943-இல் சிவாலயம் கட்டிய பெரும்படை நாயகன் வெள்ளன் குமரனே இவன் என்று அறிஞர் பலர் கருதுவர். பிழைத்திருப்பதே தன் குலத்துக்கும் தலைவனுக்கும் தகாதது என்று மனம் நொந்த அவன், உலகப் பற்றைத் துறந்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதன் என்னும் நாமத்துடன் அவ்வூர் மடத்தின் தலைவனானான். இவ்வரலாற்றைக் கூறும் திருவொற்றியூர்ச் சாசனம், இராஜாதித்தனை வீழ்த்திய பகைவனாகிய கிருஷ்ணனின் ஆட்சியாண்டையே தாங்கி நிற்கின்றது. பகையரசனின் ஆட்சியிலும் தன் தலைவனின் மரணத்தைக் கல்லிலே பொறிக்க அத்துறவிக்குத் தயக்கமில்லை. பொறிப்பதற்குத் தடையும் நேரவில்லை.

வீரனுக்குப் பகைவன் தரும் சான்றில் மதிப்பு உண்டு. குலத்தார் பாடும் துதியில் பெருமை உண்டு. உடனிருந்தவன் தன் எஞ்சிய ஆயுளையே அவனுக்கு ஈடாக அளிக்கும்போதுதான், இறந்தவன் எத்தகைய மனிதன் என்பது பின்வருவோர்க்கு முழுமையாக விளங்குகிறது. போரில் மடிந்தோர்க்கு நாம் இன்று தூண்களும் சிலைகளும் நிறுவுகிறோம், அது செய்யத்தக்கதே. ஆனால் அவர்கள் காத்த வாழ்வுக்குத் தகுதியுடையவராய் நாம் வாழ்ந்து காட்டுவதே அவர்க்குச் செலுத்த வேண்டிய முதற்கடன் என்பதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்தக் கேரளத்து நண்பன் நடந்து காட்டிவிட்டான்.