தெற்கு பார்த்த வண்டி

சோனோரன் பாலைவனத்தில் முகாம் என்றால், தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் குடிநீர் என்று கணக்குப் போட்டுக் கேன்களை நிரப்பிக்கொண்டால் அந்தக் கேள்வி தீர்ந்தது. பிப்ரவரியில் போகிறவர் கவலைப்பட வேண்டியது இரவைப் பற்றி. சூரியன் இல்லாத நேரம் ஏறத்தாழ 13 மணி.

அரிசோனாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்கன் பைப் கள்ளிக்காடு. 1937 முதல் அது தேசியப் பாதுகாப்பில் இருக்கிறது. அங்குள்ள முகாமில் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. எங்கள் டிரெய்லர் 13 அடி. மேசையை இறக்கினால் படுக்கை. பகலில் அரைக்கைச் சட்டை போதும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், தலைக்குக் குல்லாய். தரை பகலில் வாங்கிய சூட்டைத் தடுத்து வைக்க மேகமும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. வந்த வழியே வானத்துக்குப் போய்விடுகிறது.

ஹீட்டர் எரிவது கேஸில்தான். ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. சிலிண்டர் நிறையக் கேஸ் இருந்தாலும், பேட்டரி இறங்கிவிட்டால் விடியுமுன் பல் கிட்டித்துப்போகும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே படுக்கும்போது ஹீட்டரை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் எழுந்து போட வேண்டும். அந்த எழுந்திருக்கும் முறை யாருடையது என்பதில்தான் தகராறு. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக மூடவும் கூடாது. இரண்டு பேர் விட்ட மூச்சு சன்னலில் நீராக வழிந்து தலையணையை நனைக்கும். கூரைத் திறப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தே தூங்க வேண்டும்.

குளிர்கால வெயில் தெற்கே தாழ்ந்து வருவதால், சோலார் பலகையைச் சாய்த்து வைத்து, பெரிய சன்னலைத் தெற்கே திருப்பி வண்டியை நிறுத்துகிறோம். தெற்கு வாசல் வீடென்றால் நம் ஊரில் யோசிப்பார்கள்; இங்கே செடிகூடத் தெற்கைத்தான் தேடுகிறது. ஆர்கன் பைப் கள்ளி உறைபனி தாங்காது. அதனால் தெற்கு பார்த்த சரிவுகளில் அதிகம் வளர்கிறது. சகுவாரோ கள்ளி முதல் எட்டு ஆண்டுகளில் ஒன்றரை அங்குலம்கூடத் தாண்டாது. அந்தப் பிஞ்சுக்குப் பாலோ வெர்டே மரம் பகலில் வெயிலையும் இரவில் பனியையும் மறைத்துக் கொடுக்கிறது. வடக்கே இந்தக் கள்ளியின் எல்லையைக் கிழித்திருப்பதும் குளிர்தான்.

பாலைக்குரிய காலமாக வேனிலைச் சொன்ன தொல்காப்பியர், பின்பனிக்கும் அங்கே இடம் கொடுத்தார். அது மாசியும் பங்குனியும். சரியாக எங்கள் பயணக் காலம். ஆனால் பாலையின் உரிப்பொருளாக அவர் வைத்த பிரிவுக்கு இந்த வண்டியில் வழியில்லை. ஏழு மணிக்குச் சாப்பாடு முடிந்தால் விளக்கை அணைத்துப் பேட்டரியைக் காக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போக இன்னோர் அறை இல்லை. வெளியே போனால் குளிர். ஹீட்டர் தகராறைக்கூட ஒரே கம்பளிக்குள் கிடந்துதான் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.