முழங்கால் உயர ரயில்

முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு ரயில் எஞ்சின், பத்துப் பேரை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகுமா? போகும்! பேட்டரியில் அல்ல, நிஜ நிலக்கரி, நிஜ நெருப்பு, நிஜ நீராவி. இங்கிலாந்தில் பல ஊர்ப் பூங்காக்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பார்க்கலாம். தண்டவாளத்தின் அகலம் பெரும்பாலும் 5 அங்குலம் அல்லது 7¼ அங்குலம். பெட்டி என்பது சக்கரம் வைத்த ஒரு நீளப் பலகை, அவ்வளவுதான். பல இடங்களில் குதிரைச் சவாரி போல இருபுறமும் கால் போட்டு உட்கார வேண்டும். ஓட்டுநரும் அப்படியே எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து, குனிந்தபடி ஓட்டுவார்.

"பெரியவர்களுக்கு ஒரு பொம்மை!" என்று சிரிக்கத் தோன்றுகிறதா? நூறு வருடங்களுக்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்களே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். இவ்வளவு சின்ன பாய்லரில் நிலக்கரி ஒழுங்காக எரியாது, ஸ்பிரிட் விளக்குதான் சரி என்பது அன்று பலரின் கருத்து. 1922-ல் 'மாடல் இன்ஜினியர்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் இதை ஒருவர் மறுத்தார். முன்பு ரயில்வேயில் வேலை பார்த்த அவர், அந்த ரயில்வேயின் முதலெழுத்துகளையே புனைபெயராக்கி 'எல்.பி.எஸ்.சி.' என்று எழுதினார். பெரிய சண்டை கிளம்பியது. 'பாய்லர் யுத்தம்' என்றே அதற்குப் பெயர்! 1924-ல் நடந்த கண்காட்சியில் அவருடைய 'ஆயிஷா' என்ற எஞ்சின், வெறும் 2½ அங்குலத் தண்டவாளத்தில், நிலக்கரித் தீயில் ஓடி மனிதர்களை இழுத்துக் காட்டியது. வாதம் அதோடு முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள், வீட்டில் ஒரு சின்ன லேத் வைத்திருப்பவர்கூட எஞ்சின் செய்துகொள்ளும்படி அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நீளத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், பரப்பு 144-ல் ஒரு பங்காகும். கன அளவோ 1,728-ல் ஒரு பங்காகிவிடும். அதாவது தண்ணீர் மிகக் கொஞ்சம், அது சூட்டை இழக்கும் பரப்போ அதை ஒப்பிட்டால் அதிகம். எஞ்சினைச் சின்னதாக்கலாம், நெருப்பையும் நீராவியையும் சின்னதாக்க முடியாது. பெரிய எஞ்சினில் உள்ள குழாய்களை அதே அளவில் குறைத்தால் கரி அடைத்துக்கொள்ளும். எனவே குறைந்த எண்ணிக்கையில், கொஞ்சம் பெரிய குழாய்களாகப் போடுகிறார்கள்.

ஓட்டுவதும் சுலபமல்ல. ஓட்டுநரின் ஒரு கண் பாதையில், இன்னொரு கண் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில். தண்ணீர் கொஞ்சம்தான் என்பதால் மட்டம் சீக்கிரம் இறங்கும். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போனால் செம்பு சூடேறி வலு இழந்துவிடும். உள்ளே இருக்கும் அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு. கார் டயரில் அடிக்கும் காற்றே சுமார் 30 பவுண்டுதான்!

அதனால்தான் இந்தச் சங்கங்களில் சோதனை கடுமையாக இருக்கிறது. புது பாய்லர் என்றால் முதலில் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். ஏன் தண்ணீர்? தண்ணீர் எளிதில் சுருங்காது. எங்காவது விட்டுப்போனால் ஒழுகும், வெடிக்காது. பிறகு நீராவிச் சோதனை. தீ முழுதாக எரியும்போதும் அழுத்தம் எல்லை மீறாமல் பாதுகாப்பு வால்வுகள் நீராவியை வெளியே விட வேண்டும். தேறாத எஞ்சின் பயணிகளை ஏற்றக் கூடாது. செய்தவர் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் சரி, எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்டால், வால்ட் டிஸ்னியின் கதை பதில் சொல்லும். மிக்கி மவுஸ் தந்த அதே டிஸ்னிதான்! 1950 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுத் தோட்டத்தில் 7¼ அங்குலத் தண்டவாளம் போட்டு, எட்டில் ஒரு பங்கு அளவுள்ள எஞ்சினை ஓட்டினார். மனைவி லில்லியனின் பெயரால் அதற்கு 'லில்லி பெல்' என்று பெயர். விருந்தாளிகளும் ஆசையாக ஓட்டினார்கள். 1953-ல் அப்படி ஒருவர் வளைவில் வேகமாக ஓட்ட, எஞ்சின் கவிழ்ந்தது. விசில் உடைந்து பீறிட்ட நீராவி, பார்க்க ஓடி வந்த ஒரு சிறுமியின் காலைச் சுட்டுவிட்டது. டிஸ்னி அந்த ரயிலையே நிறுத்திவிட்டார். ஆசை மட்டும் போகவில்லை. 1955-ல் திறந்த டிஸ்னிலாந்தைச் சுற்றி நீராவி ரயில் ஓடியது.

வணிகவியல் கண்ணால் பார்த்தால் இந்தப் பொழுதுபோக்கு சுத்த நட்டம். ஒரு எஞ்சினைச் செய்து முடிக்கப் பல வருட மாலை நேரங்கள் போகும். அந்த உழைப்புக்குக் கூலி போட்டால், டிக்கெட்டில் வரும் சில்லறை எந்த மூலைக்கு? ஆனால் முதல், லாபம் என்ற தலைப்புகளில் அடங்காத ஒன்று இங்கே கைமாறுகிறது. அதுதான் நம்பிக்கை. முன்பின் தெரியாத ஒருவரின் கையால் செய்த பாய்லருக்குப் பின்னால், பெற்றோர் தங்கள் குழந்தையை உட்கார வைக்கிறார்கள்.

அந்தக் குழந்தைக்கு அழுத்தமும் தெரியாது, சோதனையும் தெரியாது. விசில் சத்தம் போதும். தெரிந்திருக்க வேண்டியவர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிக் குழாயைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.